ஒரு படம், இரண்டு செருப்பு

என் மகள் மூன்றாம் வகுப்புப் படித்தபோது நான் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதவே கை கூசுகிறது. வேறு வார்த்தை கிடைக்காததால் அதையே வைத்துக்கொள்கிறேன்.

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. பதினோரு வருஷமாக ஒரே மேஜை. ஷூவின் மேல்பாகத்தை எங்கள் பாஷையில் அப்பர் என்போம். தைத்து வரும் அப்பரை வாங்கி, தையல் விட்டிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, இடதையும் வலதையும் ஜோடி சேர்த்து, எண்ணி அடுக்கி அனுப்ப வேண்டும். லைனில் எண்ணிக்கை இடித்தால் சூப்பர்வைசர் நேராக என் மேஜைக்குத்தான் வருவார். "அந்த அக்கா எண்ணட்டும், அப்பால பாப்போம்" என்பார். நான் எண்ணிச் சொன்னால் மறுபேச்சு இல்லை. அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, அதோடு படிப்பை விட்டவள் நான். இது என் மகளுக்குத் தெரியாது. கம்பெனியிலும் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு நான் கணக்கில் புலி.

எங்கள் கம்பெனியில் ஒற்றை என்று ஒரு எண்ணிக்கையே கிடையாது. அறுபது ஆச்சு என்றால் அறுபது ஜோடி. இருநூறு வேண்டும் என்றால் இருநூறு ஜோடி. ஜோடி என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதுகூட இல்லை, அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. மேஜையில் ஒரு அப்பர் தனியாக மீந்துவிட்டால் அன்றைக்கு எல்லாருக்கும் பேஜார். அதன் ஜோடி கிடைக்கும்வரை பெட்டி நகராது, திட்டு மட்டும் நகர்ந்து வரும். பதினோரு வருஷம் இப்படி எண்ணினால் புத்தியும் அப்படியே ஆகிவிடுகிறது. யார் வீட்டு வாசலிலாவது செருப்புகள் கிடந்தால் உள்ளே நாலு பேர் இருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். எட்டுச் செருப்பு கிடக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மகள் படிப்பது எங்கள் ஊர் அரசுப் பள்ளியில். அங்கே சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எழுத்துக் கூட்டவே தடுமாறும் பிள்ளைகள் அரும்பு. ஓரளவு வாசிப்பவர்கள் மொட்டு. வகுப்புக்கு உண்டான பாடத்தைத் தானே வாசித்துக் கணக்கும் போட்டால் மலர். என் மகள் மொட்டில் இருந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளோடு ஒட்டிக்கொண்டே திரிந்த ஒரு தோஸ்த் உண்டு, அந்தப் பெண் மலருக்குப் போய்விட்டாள். ஒரே அறைதான், ஆனால் மலர் பிள்ளைகள் ஜன்னல் ஓரம், மொட்டுப் பிள்ளைகள் கதவுப் பக்கம். என் மகளுக்கு அது வேறு ஊர் மாதிரி.

அந்த வருஷம் எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாளாக ஓர் அடைவுத் தேர்வு வைத்தார்கள். தமிழில் கொஞ்சம், கணக்கில் கொஞ்சம். கேள்விக்குக் கீழே நாலு விடை இருக்கும், சரியானதை வட்டமிட வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் மிஸ் சொன்னார், இதில் நன்றாகச் செய்தால் உங்கள் பெண்ணை மலரில் உட்கார வைத்துவிடலாம், கொஞ்சம்தான் பாக்கி என்று. அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. பல் துலக்கும்போதும் அதுதான், சோறு தின்னும்போதும் அதுதான்.

"நான் மலருக்குப் போய்ட்டா அவ பக்கத்துல உக்காரலாம்ல மா?"

உக்காரலாம்டி, முதலில் படி என்பேன். ஒருநாளில் எத்தனை முறைதான் சொல்வது.

மிஸ் மாதிரித் தாள்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கம்பெனி வாசலில் இருக்கும் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தேன். தமிழை அவளே பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து வாசிப்பாள், ஞாயிற்றுக்கிழமை மாதிரி நீள வார்த்தை வந்தால் மட்டும் ஒரு முறை மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்பேன். தப்பாக வாசித்தாலும் எனக்குக் கோபம் வராது. தமிழில் நான் புலி இல்லையே, அதனால் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் கணக்குத் தாளை எடுத்தோம். மூன்றாம் பக்கத்தில் ஒரு படக் கணக்கு. ஒரு கடையில் விற்ற செருப்புகள் என்று தலைப்பு. திங்கள், செவ்வாய், புதன் என்று கிழமைகள், ஒவ்வொன்றுக்கும் நேராகச் செருப்புப் படங்கள் வரிசையாக இருந்தன. மேலே ஒரு கட்டத்துக்குள் ஒரு படம் = 2 செருப்புகள் என்று போட்டிருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செருப்புக் கணக்கா? இது நம் வீட்டுக் கணக்காயிற்றே!

திங்களுக்கு நேராக நாலு படம். திங்களன்று விற்ற செருப்புகள் எத்தனை என்பது கேள்வி. விடைகளில் நாலும் இருந்தது, எட்டும் இருந்தது. என் மகள் யோசிக்காமல் எட்டை வட்டமிட்டாள்.

இன்னாடி எட்டு, நாலுதானே வரணும் என்றேன். ஒரு படத்துக்கு ரெண்டு மா, மிஸ் அப்படித்தான் சொன்னாங்க, நாலு ரெண்டு எட்டு என்றாள். நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். இரண்டு செருப்பு என்றால் ஒரு ஜோடி, ஒரு படம் ஒரு ஜோடி, நாலு படம் நாலு ஜோடி, அவ்வளவுதான், படத்தை எண்ணினால் முடிந்தது என்றேன். கடைக்குப் போய் யாராவது ஒற்றைச் செருப்பு வாங்குவார்களா, நீ எட்டு என்றால் எட்டுப் பேருக்கு ஆகிவிடுமே என்றேன். எனக்கு அது அத்தனை தெளிவாக இருந்தது. அவளும் தலையைச் சாய்த்துக் கேட்டாள், தாளை ஒருமுறை பார்த்தாள், பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஜோடி எத்தனன்னு கேக்கல மா. செருப்பு எத்தனன்னு தான் கேட்டிருக்கு."

எட்டு வயசுப் பிள்ளை. சரியாகச் சொன்னாள். அந்த இடத்தில் நான் ஒரு நிமிஷம் தாளைப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் தாளைப் பார்க்கவில்லை. எனக்கு ஜிவ்வென்று ஏறியது. முதுகில் ஒன்று வைத்தேன், பிறகு கையில் ஒன்று.

"பதினோரு வருஷமா செருப்பு தான்டி எண்ணிகினு இருக்கேன். எனக்கே கத்துக் குடுக்கிறியா நீ?"

பாயில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்து தாளை எட்டிப் பார்த்தார். அவர் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் ஊறும் டிரம்மை ஓட்டுகிறவர், பேச்சுக் கம்மி. செருப்புன்னுதானே போட்டிருக்கு, புள்ள சொல்றது சரி மாதிரிதான் இருக்கு என்றார். நீ போய் தோலை ஊறவை, கணக்கை நான் பார்த்துக்கறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார். என்னோடு வாக்குவாதம் செய்து ஜெயித்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை. அதுவும் அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவள் அழுதுகொண்டே ரப்பரை எடுத்து எட்டின் வட்டத்தை அழித்தாள். தாள் கொஞ்சம் கிழிந்தது. நாலை வட்டமிட்டாள். அதற்குக் கீழே இருந்த மற்றக் கேள்விகளையும், மொத்தம் எத்தனை, செவ்வாய்க்கும் புதனுக்கும் வித்தியாசம் எத்தனை என்பதையெல்லாம், நான் சொன்னபடியே படத்தை மட்டும் எண்ணிப் போட்டாள்.

அதோடு விட்டேனா? இல்லை. ஒரு வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்து காப்பி குடித்த கையோடு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானே படம் போட்டேன். செருப்பு, ஷூ, சாக்ஸ், கம்பெனியில் மாட்டிக்கொள்ளும் கையுறை. எல்லாம் ஜோடி, எல்லாவற்றிலும் ஒரு படம் = 2. எத்தனை என்று கேட்பேன். முதல் இரண்டு நாள் தடுமாறினாள். வியாழக்கிழமைக்குள் கேள்வியை முடிப்பதற்கு முன்பே படத்தை எண்ணிச் சொல்லிவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் லைன் பெண்களிடம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். ரெண்டு போட்டால்தான் வருகிறது என்றேன். அவளுடைய தோஸ்த்தின் அம்மாவும் எங்கள் லைன்தான், எனக்கு இரண்டு மேஜை தள்ளி. உங்களுக்கென்னக்கா, வீட்டுலயே வாத்தியார் இருக்கு என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தேர்வு அன்று காலை ஜடை பின்னும்போது, முடியைப் பிடித்துக்கொண்டே ஒன்று சொன்னேன். இதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"முடிஞ்சதும் மிஸ்கிட்ட பேப்பர வாங்கிப் பாப்பேன். எட்டு கிட்டுன்னு போட்டு வெச்சிருந்த, அப்ப இருக்கு உனக்கு."

சரி மா என்றாள். சாயங்காலம் வந்ததும், செருப்பு வந்ததா என்று கேட்டேன். செருப்பு இல்லை, ஷூ வந்தது, அதே மாதிரிதான் என்றாள். எப்படிப் போட்டாய் என்றேன். நீ சொன்ன மாதிரி என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கறிசமோசா வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். பாதியைத் தின்றுவிட்டு மீதியை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். பரீட்சை எழுதிய களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மார்க் வந்ததும் மிஸ் எங்களைக் கூப்பிட்டார். நானும் அந்தத் தோஸ்த்தின் அம்மாவும் அரை மணி நேரப் பர்மிஷன் சொல்லிவிட்டு, கம்பெனி ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒன்றாகவே போனோம். வகுப்பறையில் நாலைந்து அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் அவரவர் அம்மா பக்கத்தில் நின்றார்கள். தோஸ்த்தின் தாளை முதலில் காட்டினார், எல்லாம் நன்றாக இருந்தது. அடுத்து எங்களுடையது.

தமிழில் ஒரு குறையும் இல்லை என்றார் மிஸ். கணக்கிலும் மற்றதெல்லாம் சரி. இதோ இந்த மூன்றும்தான் போய்விட்டது, இது மூன்றும் வந்திருந்தால் மலர் என்று சொல்லி, தாளை என் பக்கம் திருப்பினார். ஷூ படம் வரிசை வரிசையாக இருந்தது. "ஒரு படத்துக்கு ரெண்டு ஷூ. அஞ்சு படம்னா பத்து ஷூ தானேம்மா? இவ அஞ்சுன்னு போட்டிருக்கா" என்று விரல் வைத்துக் காட்டினார்.

அந்த விரலைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வாரம் முழுக்கப் புரியாதது, என் மகள் சொல்லிப் புரியாதது, என் வீட்டுக்காரர் சொல்லிப் புரியாதது, அந்த ஒரு நொடியில் புரிந்தது. ஷூ எத்தனை என்றுதான் கேள்வி. பத்து ஷூ. எந்த முட்டாளுக்கும் தெரியும். காதெல்லாம் சூடாகிவிட்டது.

மிஸ் விடவில்லை. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். மூன்று கேள்வியிலும் முதலில் சரியான விடையை வட்டமிட்டு, பிறகு அழித்துவிட்டு மாற்றியிருக்கிறாள், தடம் தெரிகிறது பாருங்கள் என்றார். தேர்வுக்கு முந்தின நாள் இதே மாதிரிக் கணக்கைப் போர்டில் தப்பில்லாமல் போட்ட பெண் ஏன் இப்படி மாற்றினாள் என்று அவருக்குப் புரியவில்லை. என் மகள் பக்கம் குனிந்து, திட்டாமல்தான் கேட்டார்.

"யாராவது இப்படிப் போடச் சொன்னாங்களாடா?"

என் மகள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "யாரும் சொல்லல மிஸ். நானே தான்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான்தான் மிஸ் சொன்னேன், என் புத்தி ஜோடிக் கணக்கில் ஊறிப்போனது என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும்? நாலு அம்மாக்கள் சிரித்திருப்பார்கள். மிஸ்ஸும் சிரித்திருப்பார். அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் தோஸ்த்தின் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஷூ கம்பெனியில் எண்ணிக்கைக்குப் பேர்போன அக்கா ஷூ எண்ணத் தெரியாமல் பிள்ளையைக் கெடுத்தாள் என்று நாளைக்கு லைன் முழுக்கப் பேச்சாகும். அதை நினைத்தேன். நினைத்து, வாயைத் திறந்தேன். திறந்து இதைச் சொன்னேன்.

"வீட்ல எவ்ளோ சொல்லிக் குடுத்தேன் மிஸ். இவளுக்குக் கவனமே இல்ல."

சொன்னதோடு நிற்காமல் அவள் தலையில் ஒரு குட்டும் வைத்தேன். லேசாகத்தான். மற்றவர்கள் பார்ப்பதற்காக வைத்த குட்டு. அவள் அசையாமல் நின்றாள். எழுதும்போது என் விரல் மூட்டு இப்போதும் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவள் கதவுப் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். வீட்டில் மலர் பேச்சு நின்றுவிட்டது. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, கேட்டால் ஊம் என்பாள். வீட்டுப்பாடத்தை மட்டும் நான் சமையலில் இருக்கும்போதே முடித்துப் பையில் வைத்துவிடுவாள். நான் பார்க்கிறேன் என்றால், முடிச்சிட்டேன் மா என்பாள். கம்பெனியில் தோஸ்த்தின் அம்மா சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விடுங்கக்கா, எல்லாப் புள்ளைக்கும் ஒரே மாதிரியா இருக்கும், மெதுவா வந்துடும் என்று ஆறுதல் சொன்னாள். என் மகளுக்கு மூளை கம்மி என்பதுதான் அதற்கு அர்த்தம். அப்போதும் நான் தலையை ஆட்டினேன். ஆமா, என்ன பண்றது என்றேன். இது இரண்டாவது முறை. முதல் தடவையாவது திடீரென்று வந்தது, இதற்கு எனக்கு யோசிக்க நேரம் இருந்தது.

என் வீட்டுக்காரரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டுத் தேறியிருப்பேன். என்கிட்ட சொல்லி இன்னா, சொல்ல வேண்டிய இடத்துல சொல்லு என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் மறுபடியும் பர்மிஷன் போட்டேன். தோஸ்த்தின் அம்மாவிடம் ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன், அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். மிஸ் தனியாக இருந்த நேரமாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜோடிக் கணக்கு, காலண்டர் தாள், ஒரு வாரப் பயிற்சி. அடித்ததை மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது, அடுத்த பருவத்தில் மறுபடியும் பார்ப்போம் என்றார். பிறகு, பிள்ளையிடம் சொன்னீர்களா என்று கேட்டார். இன்று சொல்லிவிடுகிறேன் என்றேன். வெளியே வந்தபோது மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. எத்தனை அம்மாக்கள் இப்படி வந்து ஒப்புக்கொள்வார்கள் என்று ஒரு நினைப்பு. பாருங்கள் என் புத்தியை, அதிலும் ஒரு பெருமை.

சாயங்காலம் அவள் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன். அம்மாதான் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், நீ சொன்னதுதான் சரி, எட்டுதான் சரி, மிஸ்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டேன், இனிமேல் உன்னை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றேன். அவள் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்றாவது எதிர்பார்த்தேன். அவள் மூடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியும் மா."

"இன்னா தெரியும்?"

"எட்டுன்னு. பரீட்சையில பத்துன்னும் தெரியும்."

தெரிந்துமா அழித்தாய் என்றேன். அத்தனை நாளும், நான் அவளைக் குழப்பிவிட்டேன் என்றுதான் நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் குழம்பவே இல்லை. பாண்டி ஆட்டத்தில் எந்தக் கட்டத்தில் கால் வைக்கலாம், எதில் கூடாது என்று தெரியாதவளுக்குச் சொல்வது போல, நிதானமாக எனக்குச் சொன்னாள்.

"சரியா போட்டா நீ பாத்துட்டு அடிப்ப. தப்பா போட்டா மிஸ் திட்டுவாங்க. மிஸ் அடிக்க மாட்டாங்க மா."